விரலில் சிக்னல் வராதபோது எங்கே பார்ப்பது?

கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஆக்ஸிமீட்டரைப் பற்றித் தெரியாத வீடே இருந்திருக்காது. மருந்துக் கடைகளில் அது தீர்ந்துபோய், தெரிந்தவர் வீட்டிலிருந்து இரவல் வாங்கி, ஒரே கருவியைத் தெருவே கைமாற்றிப் பார்த்துக்கொண்டது. விரலைச் செருகு, எண்ணைப் பார், 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்தச் சின்னக் கருவி எத்தனையோ பேரை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் ஆக்ஸிமீட்டர் என்றாலே விரல்தான் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து ஊன்றிவிட்டது. பொதுமக்கள் அப்படி நினைப்பதில் பிழை ஒன்றுமில்லை. ஆபரேஷன் தியேட்டர்களும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பதுதான் என் கவலை.

நான் மயக்க மருத்துவர். கிராமத்துப் பக்கம் "மயக்க ஊசி போடுற டாக்டரம்மா" என்பார்கள். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி தென்மாவட்ட அரசு மருத்துவமனைகளில் கழிந்தது. அறுவை மருத்துவர் வயிற்றையோ எலும்பையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, நோயாளியின் மூச்சையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் இரத்தத்தில் ஓடும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. மயக்கத்தில் இருப்பவர் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லப்போவதில்லை. அவர் சார்பில் அதைச் சொல்வது மானிட்டரில் தெரியும் அந்த ஒரு எண். எங்கள் பேச்சில் அது 'சாட்'. கொடுமை என்னவென்றால், அந்த எண் யாருக்கு மிக மிக அவசியமோ அவர் விரலில்தான் முதலில் காணாமல் போகிறது. அப்போது உடம்பில் வேறு எங்கே வைத்துப் பார்ப்பது என்ற பயிற்சியும், அந்த இடத்துக்கென்றே செய்த ப்ரோபும் (உடம்பில் மாட்டும் உணர்முனை) தியேட்டரில் தயாராக இருக்க வேண்டும். நான் பார்த்த பல தியேட்டர்களில் இரண்டும் இல்லை. அரசு, தனியார் என்ற வேறுபாடு இதில் கிடையாது.

கருவி செய்வது இதுதான். ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறிப் பாய்கின்றன. சிவப்பின் அலைநீளம் 660 நானோமீட்டர், அகச்சிவப்பின் அலைநீளம் 940 நானோமீட்டர் அளவில் இருக்கும். ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் விழுங்கும். எதிர்ப்பக்கத்து சென்சார், மிச்சம் வந்துசேரும் ஒளியை அளக்கிறது. தோலும் சதையும் எலும்பும் சிரை இரத்தமும்கூட ஒளியை விழுங்குமே, அவற்றை எப்படிக் கழிப்பது? அவை துடிப்பதில்லை. தமனி இரத்தம்தான் ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் பொங்கி அடங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கருவி கணக்குப் போடுகிறது. ஆகவே துடிப்பு இருக்கும் இடத்தில்தான் இதற்குப் பிழைப்பு. துடிப்பு மெலிந்தால் எண் மறையும். சில நேரம் மறையாமல் பொய்யாக நிற்கும். அதுதான் இன்னும் மோசம்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த தகுவோ அயோயாகி. 1970களின் தொடக்கத்தில் அவர் செய்ய முயன்றது வேறொன்று. இரத்தத்தில் சாயம் ஏற்றி, காது மடலில் ஒளியைப் பாய்ச்சி, இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அளக்கப் பார்த்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து கோட்டைக் குலைத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையைக் கழிக்கப் போனவர், தமனியின் ஆக்சிஜன் அளவு அந்தத் தொல்லைக்குள்ளேயே இருப்பதைக் கண்டுகொண்டார். 1974இல் அதை வெளியிட்டார். உலகமே அவர் கருவியைத் தேடி அலையத் தொடங்கிய 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

கவனியுங்கள், அயோயாகி ஒளியைப் பாய்ச்சியது காதில். அவருக்கு முன்னால் 1935இல் ஜெர்மனியில் கார்ல் மாத்தெஸ் செய்த கருவியும் காதுக்கானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், உயரே பறக்கும் விமானிகள் மயங்கி விழாமல் இருக்க அமெரிக்காவில் கிளென் மில்லிகன் செய்ததும் காதில் மாட்டுவதுதான். விரல் பிறகு வந்தது. 1977இல் மினோல்டா நிறுவனம் விரலில் மாட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது; 1980களில் அமெரிக்காவின் நெல்கோர் நிறுவனம் அதைத் தியேட்டருக்கு ஏற்றதாக்கியது. மாட்டுவதும் கழற்றுவதும் எளிது என்பதால் விரல் வென்றது. இன்று நாம் 'மாற்று இடம்' என்று சொல்லும் காதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பிறந்த வீடு.

நெல்கோர் கருவியில் ஒரு பெரிய உபகாரம் இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'பீப்' கேட்கும். ஆக்சிஜன் இறங்க இறங்க அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். இன்று எல்லா மானிட்டரிலும் அது உண்டு. ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும், குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாலும், காது அந்த ஒலியிலேயே இருக்கும். சுருதி சற்றே இறங்கினால் எங்கள் தலை தானாக மானிட்டர் பக்கம் திரும்பும். ஒலியைக் குறைத்து வைக்கச் சொல்லும் அறுவை மருத்துவர்களிடம் நான் சம்மதித்ததே கிடையாது.

இனி, விரல் எப்போது கைவிடுகிறது என்பதற்கு வருகிறேன்.

பிரசவம் முடிந்து கர்ப்பப்பை சுருங்காமல் இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் பெண்ணைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் நள்ளிரவு. உள்ளே ஏசி. ஓடுகிற சலைன் சூடேற்றப்படாதது. உடம்பு ஒரு முடிவு எடுத்திருக்கும்: மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போகட்டும், கைகால் காத்திருக்கட்டும். விரல்களின் இரத்தக் குழாய்கள் இறுக மூடிக்கொள்ளும். விரல் உரித்த வாழைத்தண்டு போல வெளுத்துச் சில்லென்று இருக்கும். டெக்னீஷியன் சொல்வார்:

"மேடம், சாட் வரல."

"வேற விரல்ல போட்டுப் பாருங்க தம்பி."

"அஞ்சு விரல்லயும் பாத்தாச்சு மேடம். அலையே இல்ல."

மானிட்டரில் ஒரு நேர்கோடு, எண்ணுக்குப் பதில் இரண்டு சிறு கோடுகள். தமிழ்நாட்டில் எந்த மயக்க மருத்துவரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார். கையைத் தேய்ப்பது, கையுறைக்குள் வெந்நீர் ஊற்றி விரலோடு வைப்பது, இரத்த அழுத்தப் பட்டை கட்டாத கைக்கு மாற்றுவது என எல்லாம் செய்வோம். செய்யவும் வேண்டும். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் அவருடைய ஆக்சிஜனைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வலியில்லாமல் சின்னக் கட்டி எடுக்க வந்த ஆரோக்கியமான இளைஞருக்கோ, அதே விரலில் எண் 99 என்று கண்ணாடி போலத் தெரியும். இந்த ஏறுமாறு மனதை அறுக்கிறது.

அதே பெண்ணின் நெற்றியில், புருவத்துக்குச் சற்று மேலே, ஒரு சென்சாரை ஒட்டினால் அலை பெரும்பாலும் வந்துவிடும். அந்த இடத்துக்கு இரத்தம் தரும் கிளை, மூளைக்குப் போகும் உட்கழுத்துத் தமனியின் வழித்தோன்றல். குளிருக்கும் அதிர்ச்சிக்கும் விரல் குழாய்கள் சுருங்குவது போல அது எளிதில் சுருங்குவதில்லை. இன்னொரு லாபம் நேரம். நுரையீரலில் ஆக்சிஜன் குறைந்த செய்தி இரத்தத்தோடு பயணம் செய்துதான் சென்சாரை அடைய வேண்டும். காதுக்கும் நெற்றிக்கும் வழி குறுகியது, சில வினாடிகளில் போய்விடும். விரலுக்கு அரை நிமிடம்கூட ஆகலாம்; குளிர்ந்த விரலுக்கு ஒரு நிமிடத்தைத் தாண்டும். கால் விரலுக்கு அதற்கும் மேல். எண் 90 வரை மெதுவாக இறங்கும், அதற்குக் கீழே சரிவு செங்குத்து. அந்தச் சரிவின் விளிம்பில் அரை நிமிடம் முன்கூட்டித் தெரிவது எவ்வளவு பெரிது என்பதை, குழாய் இறங்காமல் திணறும் மூச்சுப்பாதையோடு போராடியவர்கள் அறிவார்கள்.

பட்டாசுத் தொழில் நடக்கும் பகுதியில் வேலை பார்த்த காலத்தில், ஆலை விபத்தில் சிக்கிய நடுவயதுப் பெண் ஒருவர் வந்தார். வெடிமருந்து செலுத்தும் அறையில் தீப்பிடித்திருக்கிறது. தப்பிக்க இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓடியிருக்கிறார். முகத்தின் மேல்பாதி தப்பித்தது, கைகள் தப்பவில்லை. பத்து விரல்களும் கட்டுக்குள். பாதங்களும் கட்டுக்குள். காது மடல் ஒன்றில் கொப்புளம். மற்றக் காதின் மடல், பல வருடம் கனமான தோடு தொங்கி, துளை நீண்டு இரண்டு இழையாக இருந்தது. அதில் எந்தக் கிளிப்பும் நிற்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நெற்றியில் ஒட்டும் சென்சார் ஒன்று இருப்பது அங்கிருந்த சிஸ்டருக்கு நினைவு வந்து ஓடிப்போய் எடுத்துவந்தார். நெற்றி எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டி, மேலே பட்டையைக் கட்டினோம். அலை வந்தது. எண் 98.

முதுகுப் புண்ணைச் சுத்தம் செய்ய அவரை ஒருக்களித்துத் திருப்பியபோது, மூச்சுக்குழாயில் இருந்த குழாய் சற்றே உள்ளே இறங்கி ஒரு பக்க நுரையீரலுக்குள் மட்டும் போய்விட்டது. திருப்பும்போது இது நடக்கக்கூடியதுதான். 97, 96, 94. சுருதி இறங்கியது. ஸ்டெத்தை வைத்துக் கேட்டால் இடப்பக்கம் காற்று இல்லை. குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்ததும் இரண்டு பக்கமும் மூச்சு கேட்டது, எண் ஏறியது. தியேட்டரில் இதெல்லாம் சாதாரணம், பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சென்சார் இல்லாதிருந்தால், கட்டுக் கட்டிய உடம்பில் நிறம் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லாமல் எத்தனை நேரம் போயிருக்கும் என்று நினைக்கும்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தீக்காயத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூடிய அறையில் புகையைச் சுவாசித்தவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால், சாதாரண ஆக்ஸிமீட்டர் அதை ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். விரலோ நெற்றியோ, எங்கே வைத்தாலும் 98 என்று காட்டும். இடத்தை மாற்றினால் தீரும் சிக்கலும் உண்டு, தீராத சிக்கலும் உண்டு. தீராததற்கு இரத்த வாயுப் பரிசோதனைதான் வழி.

விரல் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். தொழுநோயில் விரல்கள் தேய்ந்து குறுகியவர்களின் கைகளை அறுவையால் சீரமைக்க முடியும் என்று உலகுக்குக் காட்டிய இடங்களில் வேலூர் முக்கியமானது; அதைச் செய்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கு வந்தது 1946இல். அப்படிப்பட்ட கைகளோடு வாழும் முதியவர்கள் இன்றும் கண் அறுவைக்கும் ஹெர்னியாவுக்கும் வருகிறார்கள். மரம் அறுக்கும் இயந்திரத்திலும் கரும்பு ஆலையிலும் விரல் இழந்தவர்கள் வருகிறார்கள். கை அறுவையில் மேல்கையில் இறுக்குப் பட்டை கட்டி இரத்தத்தை நிறுத்தியிருப்போம், அந்தக் கை எங்களுக்குப் பயன்படாது. கைவிரலில் கறுப்பு மருதாணியின் அடர்ந்த பூச்சு இருந்தால் ஒளியே நுழையாது. நம் வீட்டு இலையை அரைத்துப் பூசும் சிவப்பு மருதாணி பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. "நாளைக்கு அறுவைனு தெரியாம நேத்து ராத்திரி வெச்சுட்டாம்மா" என்று சங்கடப்படும் தாய்மார்களுக்கு நான் சொல்வது, பரவாயில்லம்மா, காது இருக்கு என்பதுதான். காதுக்கான ப்ரோப் இருந்தால் மட்டுமே அப்படிச் சொல்ல முடியும்.

நம்மவர் உடம்பில் இந்த மாற்று இடங்கள் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று குடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காதில் தோடு. மூக்கில் மூக்குத்தி. நெற்றியில் திருநீறும் குங்குமமும். கால் விரலில் மெட்டி. பாம்படமும் தண்டட்டியும் போட்டு மடல் தோளைத் தொடும் பாட்டிமார் தென்மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்பட்ட பாடப்புத்தகத்தில் இதற்கு வழிமுறை இருக்காது. அறுவைக்கு முந்தின நாளே நோயாளியின் காதையும் மூக்கையும் நெற்றியையும் பார்த்து, எது ஒத்துவரும் என்று குறித்துவைப்பது எங்கள் வேலையின் ஒரு பகுதியாக வேண்டும்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குணம் உண்டு. காது மடல் வேகமானது, ஆனால் கிளிப் சறுக்கும், மெலிந்த மடலில் அலை சிறுத்துவிடும். மூக்கின் பக்கவாட்டு மடலுக்கு உட்கழுத்துத் தமனி, வெளிக்கழுத்துத் தமனி இரண்டின் கிளைகளும் வருவதால் இரத்த ஓட்டம் நன்றாக நிலைக்கும். அதற்கென்றே செய்த சென்சார்கள் வந்திருக்கின்றன. கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும்கூடப் பார்த்திருக்கிறார்கள். கைகால் வெந்துபோன குழந்தைகளுக்கு நாக்கில் மெல்லிய சென்சாரைச் சுற்றிப் பார்த்ததை அமெரிக்க மயக்க மருத்துவர்கள் 1980களிலேயே எழுதியிருக்கிறார்கள். எச்சில் ஊறும், வழுக்கும், மயக்கம் தெளியும்போது கடித்துவிடலாம். ஆனாலும் வேறு கதி இல்லாதபோது அது ஒரு கதி.

நெற்றிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி வழியாகக் கர்ப்பப்பை எடுக்கும்போது நோயாளியின் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்துவோம். சிரை இரத்தம் தலையில் தேங்கி, அதுவும் லேசாகத் துடிக்க ஆரம்பிக்கும். கருவிக்குத் தமனித் துடிப்பு எது, சிரைத் துடிப்பு எது என்று பிரிக்கத் தெரியாது. எண் பொய்யாகக் கீழே இறங்கும். அதைத் தடுக்கத்தான் சென்சாரின் மேல் அந்த அழுத்தப் பட்டை. பட்டை தேவையில்லாத ஆடம்பரம் என்று தூக்கிப்போட்டுவிட்டு பிளாஸ்டரால் ஒட்டும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். பட்டையும் சேர்ந்ததுதான் சென்சார்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. விரலில் எண் வரவில்லையா, அதே விரல் கிளிப்பைக் கழற்றிக் காதில் மாட்டு என்பது எங்கும் நடக்கிறது. எண் வந்துவிடும். அலைகூட வரும். எல்லாரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். ஆனால் விரல் கிளிப் விரலின் பருமனுக்கு அளந்து செய்தது. காது மடல் அதில் பாதிகூட இருக்காது. கிளிப் சரியாகப் பொருந்தாமல், ஒளியில் ஒரு பகுதி இரத்தத்தைத் தொடாமலே மடலின் ஓரமாகக் கசிந்து நேரே சென்சாருக்குப் போய்விடும். கணக்கு கெடும். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2018 டிசம்பரில் இதற்கென்றே மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது: விரலுக்கான ப்ரோபைக் காதில் மாட்டினால், எண் உண்மையைவிட 50 சதவீதம் வரை குறைவாகவோ 30 சதவீதம் வரை கூடுதலாகவோ காட்டக்கூடும். கூடுதலாகக் காட்டும் அந்த 30ஐப் பற்றி யோசித்துப் பாருங்கள். உயிர் போய்க்கொண்டிருக்கும் ஒருவரின் தலைமாட்டில் 95 என்று பச்சை எழுத்தில் ஒளிரும். எண்ணே இல்லாவிட்டால் நாங்கள் பதறித் தேடுவோம். பொய் எண் எங்களைத் தூங்க வைத்துவிடும். வேறு இடத்தில் வையுங்கள் என்று நான் சொல்வது, இருக்கிற கிளிப்பை எங்கேயாவது மாட்டுங்கள் என்பதல்ல. அந்தந்த இடத்துக்கு அந்தந்த ப்ரோப்.

இடத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து வைப்பதும் உண்டு. பச்சிளம் குழந்தையின் இதயத்தருகே பிறந்ததும் மூட வேண்டிய ஒரு குழாய், டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ், சில குழந்தைகளுக்கு மூடாமலே இருந்துவிடும். அதை அறுவையால் கட்டும்போது வலது கையில் ஒரு சென்சார், காலில் ஒரு சென்சார் வைப்போம். குறைமாதக் குழந்தையின் நெஞ்சுக்குள் எல்லாக் குழாயும் நூல் போலத்தான் இருக்கும். டக்டஸும் மகாதமனியும் ஏறக்குறைய ஒரே தடிமன். அறுவை மருத்துவர் கட்டுவதற்கு முன் கிளாம்பு போட்டுப் பார்ப்பார். காலில் அலை சட்டென்று படுத்துவிட்டால், பிடித்திருப்பது மகாதமனி. "கால்ல போயிடுச்சு சார்" என்று நாங்கள் சொன்ன மறுகணம் அவர் கிளாம்பை எடுத்துவிடுவார். வலது கையில் மட்டும் சென்சார் வைத்திருந்தால் அது 97 என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருக்கும். நெஞ்செலும்புக்குப் பின்னால் கருவி விட்டு நிணநீர் முடிச்சை எடுக்கும்போது இதற்கு நேர்மாறு: வலது கைக்குப் போகும் பெரிய தமனி அமுங்கலாம் என்பதால் வலது விரலில்தான் சென்சார் இருக்க வேண்டும். முழங்கை முறிந்த குழந்தைக்கு எலும்பைப் பொருத்திய பின், அடிபட்ட கையின் விரலில் வைத்து இரத்தம் போகிறதா என்று பார்ப்போம். எங்கே வைப்பது என்பதே ஒரு மருத்துவ முடிவு. கைக்கு எட்டிய விரலில் மாட்டிவிட்டு நகரும் வேலையாக அதை நினைக்கக் கூடாது.

நம் தோல் நிறத்தையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோதும் உண்மை அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம் என்று கண்டது. கருவிகளின் கணக்கு பெரும்பாலும் வெளிர்நிறத் தோலுடைய ஆரோக்கியமான தன்னார்வலர்களை வைத்துப் போடப்பட்டதன் விளைவு இது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பு 2025 ஜனவரியில், பல நிறத் தோலிலும் கூடுதல் பேரிடம் சோதிக்க வேண்டும் என்று வரைவு வழிகாட்டுதல் வெளியிட்டது. நாம் வாங்கும் கருவி எந்தத் தோலில் சோதிக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை, வெயிலில் கறுத்த உழவரும் மீனவரும் படுக்கும் தியேட்டர்களுக்கு நிச்சயம் உண்டு.

என் சக மருத்துவர்கள் சிலர் சொல்வது எனக்குத் தெரியும். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கருவி இருக்கிறதே, தமனியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்க்கலாமே, ஒரு ப்ரோபுக்கு இவ்வளவு பேச்சா என்பார்கள். கரியமில வாயு, மூச்சு போய்வருவதைச் சொல்லும். ஆக்சிஜன் இரத்தத்தில் ஏறியதா என்று சொல்லாது. இரத்த வாயுப் பரிசோதனை பொன்னான சோதனை, ஆனால் அது எடுத்த நொடியின் கணக்கு. முடிவு கைக்கு வருவதற்குள் நிலைமை மாறியிருக்கும். தாலுகா மருத்துவமனைகளில் அந்த இயந்திரமே பெரும்பாலும் இல்லை. பத்தில் ஒன்பது நோயாளிக்கு விரல் போதுமே என்பது இன்னொரு வாதம். போதும்தான். எஞ்சிய அந்த ஒருவர் யார்? இரத்தம் இழந்தவர், வெந்தவர், குளிர்ந்தவர், குறைமாதத்தில் பிறந்தவர். மயக்க மருத்துவர் என்று ஒருவர் தியேட்டரில் இருப்பதே அவர்களுக்காகத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், மயக்கம் கொடுப்பதற்கு முன், ஆக்ஸிமீட்டர் நோயாளிக்கு மாட்டப்பட்டு வேலை செய்கிறதா என்று கேட்க வேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் அந்தத் தாள் சுவரில் தொங்குகிறது, டிக்கும் அடிக்கிறார்கள். அதன் கீழே நாமாக ஒரு வரி சேர்க்கலாம்: விரலில் வராவிட்டால் எங்கே, எந்த ப்ரோபால்? அதைச் சேர்க்க எந்த அரசாணையும் தேவையில்லை.

வாங்குவதற்கு வருவோம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவியும் வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வெளிப்படையான கொள்முதல் முறையைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. அந்தக் கழகத்திடம் என் வேண்டுகோள் எளிது. மானிட்டருக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது பெரியவர் விரல் ப்ரோபோடு நிறுத்த வேண்டாம். காதுக்கான கிளிப், பட்டையோடு கூடிய நெற்றி சென்சார், பச்சிளம் குழந்தையின் பாதத்தைச் சுற்றும் மென் சென்சார் ஆகியவற்றையும் மானிட்டரின் பகுதியாகவே கேளுங்கள். ஒயர் அறுந்தால் மாற்றுவதற்கான ஆண்டு ஒப்பந்தத்தையும் அதிலேயே எழுதுங்கள். ஒரு மானிட்டரின் விலையோடு வைத்துப் பார்த்தால் இது சிறிய தொகை. பிளாஸ்டர் சுற்றி உயிர் பிடித்துவைத்த ப்ரோபுகள் எங்கள் தியேட்டர்களில் இனியும் தொங்கக் கூடாது. நர்சிங் ஹோம் நடத்துபவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்; நீங்கள் யாருடைய ஒப்பந்தப்புள்ளிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவக் கல்லூரிகளில் அனஸ்தீசியா டெக்னீஷியன் படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கு, முதல் மாதமே, தங்கள் காதிலும் நெற்றியிலும் மாட்டிப் பார்த்து எண் எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்ள வாய்ப்புக் கொடுங்கள். விரல் கிளிப்பைக் காதில் மாட்டினால் எண் எப்படித் தடுமாறுகிறது என்பதையும் அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ அறுவை என்றால், முந்தின நாள் மயக்க மருத்துவர் பார்க்க வருவார். குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் வழக்கம் இருந்தால் சொல்லுங்கள். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், ஒட்டு நகத்தை எடுத்துவிடுங்கள், கறுப்பு மருதாணி வைத்திருந்தால் காட்டுங்கள். கழற்றக்கூடிய தோட்டையும் மூக்குத்தியையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். கழற்ற வராததென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பிறகு, விரலில் சிக்னல் வராவிட்டால் எங்கே பார்ப்பீர்கள் டாக்டர் என்று தயங்காமல் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம். நோயாளிகள் கேட்கத் தொடங்கினால், வாங்கித் தர மறுப்பவர்களிடம் எங்களாலும் இன்னும் அழுத்தமாகக் கேட்க முடியும்.